மிஞ்சிய வர்ணம்

தை பிறப்பதற்கு முன் நம் வீடுகளில் நடைபெறும் பணிகளுள் சுவருக்கு வர்ணம் அடிப்பது தலையாயது. சித்தூரிலும் திருப்பதியிலும், தமிழர் வீடாயினும் தெலுங்கர் வீடாயினும், இதில் வேற்றுமை இல்லை. மார்கழி பாதி கழிந்ததும் தெருவுக்குத் தெரு ஏணியையும் வாளியையும் காணலாம். நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வேலை சுண்ணாம்போடு முடிந்தது. சுண்ணாம்புக் கல்லை நீற்றி, வடிகட்டி, துளி நீலம் சேர்த்து, தட்டிய மட்டையால் அடித்தார்கள். மிஞ்சியதைக் கொல்லையில் தென்னையின் அடியிற் கொட்டினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் இயல்பை அடையும் பொருள். ஆதலின் மண்ணுக்கு அதனால் பெருங்கேடு விளையவில்லை. இன்று டப்பாவில் மிஞ்சுவது சுண்ணாம்பு அன்று. ஆனால் கொட்டும் பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. கல்லூரியில் இரசாயனம் பயிலும் நாமே நம் வீட்டு வாசலில் அதனைக் கண்டும் காணாதிருக்கிறோம்.

வர்ணம் என்பது யாது? எந்த வர்ணமாயினும் அதில் மூன்று பொருள்கள் இன்றியமையாதவை. நிறந்தரும் பொடி ஒன்று. அப்பொடியைச் சுவரோடு பிணைக்கும் பசை ஒன்று. இவ்விரண்டையும் இளக்கித் தூரிகைக்கு ஏற்றதாக்கும் திரவம் ஒன்று. இம்மூன்றனுள் திரவம் எது என்பதை அறிந்தால், மிஞ்சிய வர்ணத்தை என் செய்வது என்னும் வினாவிற்குப் பாதி விடை கிடைத்துவிடும். கதவுக்கும் சன்னல் கம்பிக்கும் அடிக்கும் எனாமலில் அத்திரவம் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த டர்பன்டைன். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனிலும் டிஸ்டெம்பரிலும் அது வெறும் தண்ணீர்.

டப்பாவின் மேலுள்ள எழுத்து அழிந்துவிட்டதா? கவலை வேண்டா. ஒரு கிண்ணத்தில் நீரெடுத்து, குச்சியால் ஒரு துளி வர்ணத்தை அதில் விட்டுக் கலக்குங்கள். பால்போலக் கலந்துவிட்டால் நீர்வர்ணம். திரிதிரியாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் வர்ணம். இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இவை உலரும் விதமும் வேறு வேறு. நீர்வர்ணத்தில் நீர் ஆவியாக, அதிலுள்ள பசையின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி ஏடாகின்றன. எண்ணெய் வர்ணத்திலோ டர்பன்டைன் ஆவியான பிறகும் வேலை முடிவதில்லை. பசையிலுள்ள ஆளிவிதை எண்ணெய் போன்ற பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடியே இறுகுகிறது. இக்கூட்டத்தில் வெப்பம் பிறக்கும். சுவரில் மெல்லிய ஏடாக இருக்கும்போது அவ்வெப்பம் உடனே காற்றோடு போய்விடும். எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தாலோ, வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறி ஏறி, எவரும் தீ மூட்டாமலே துணி பற்றிக்கொள்ளும். இது கதையன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 38 மாடிகள் கொண்ட மெரிடியன் பிளாசா என்னும் கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று இவ்வாறே தீப்பற்றிற்று. மரவேலைக்குப் பயன்பட்ட ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைக்கச் சென்ற வீரர் மூவர் மாண்டனர். ஆகவே வார்னிஷும் எண்ணெயும் தோய்ந்த துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியிற் காயவிடுதல் வேண்டும். அன்றேல் நீரில் அமிழ்த்தி மூடியுள்ள தகர டப்பாவில் வைத்தல் வேண்டும். மாடிப்படியின் கீழ்ச் சுருட்டி வைத்தல் கூடாது.

இனி, மிஞ்சிய வர்ணம் நம் ஊரில் எங்கெங்கே போகிறது என்று நோக்குவோம்.

பெரும்பாலும் அது சாக்கடைக்கே போகிறது. தூரிகை கழுவிய நீர், வாளி அலம்பிய நீர், அடியில் நின்ற அரை லிட்டர் என யாவும் வாசல் கால்வாயில் ஊற்றப்படுகின்றன. கால்வாயில் வெள்ளை வெளேரென்று ஓடும் அந்நீர் தெருமுனை திரும்பியதும் நம் கண்ணுக்கு மறைகிறது. கண்ணுக்கு மறைந்தது உலகுக்கு மறைந்ததாகுமா? நீரின் போக்கைச் சற்றுத் தொடர்ந்து செல்வோம். சித்தூர் நகரின் நீர் நீவா ஆற்றை அடைகிறது. அந்த நீவாதான் எல்லை தாண்டித் தமிழகத்தில் பொன்னை ஆறு என்னும் பெயர் பெற்றுப் பாலாற்றிற் கலக்கிறது. திருப்பதிப் பக்கத்து நீர் சொர்ணமுகியைச் சாரும். திருக்காளத்தியின் அடியைத் தழுவி ஓடுவதால் நம் பழைய நூல்கள் பொன்முகலி என்று போற்றும் ஆறும் அதுவே. ஆண்டில் பல மாதம் இவ்வாறுகளில் நீர் ஓடுவதில்லை. மணல்தான் கிடக்கும். ஓடும் நீர் இல்லாத ஆற்றில் விழுந்த மாசு கடலுக்குப் போவதில்லை. மணலிலேயே தங்கி, ஊற்றுக்கும் கிணற்றுக்கும் இறங்க வழி தேடும். வற்றாத பேராறுள்ள நாட்டாரைவிட நாம் இதில் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டியவர்கள்.

நீர்வர்ணந்தானே, நீரிற் கலந்தால் என்ன என்று கேட்பார் உளர். எமல்ஷன் டப்பாவில் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளராதிருக்கக் கொல்லி மருந்து சேர்த்திருக்கிறார்கள். டப்பாவிலுள்ள நுண்ணுயிரைக் கொல்லும் அம்மருந்து குளத்திலுள்ள நுண்ணுயிரை மட்டும் விட்டுவிடுமா? அன்றியும் அதன் பசை ஒருவகைப் பிளாஸ்டிக்கே. மண்ணில் மட்கும் பொருள் அன்று.

அடுத்தது போகித் தீ. பழையன கழிக்கும் நாளென்று விடியற்காலையில் தெருவில் மூட்டும் நெருப்பில், உடைந்த சன்னல் சட்டம், வர்ணம் உரிந்த கதவு, காய்ந்த வர்ண டப்பா எல்லாம் போய்ச் சேருகின்றன. நன்கு மூடிய டப்பா வெப்பத்தால் வெடிக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். வெடிக்குமென்றே போடுவாரும் உண்டு. அதனினும் பெரிய தீங்கு வெடிச்சத்தம் இன்றி நிகழ்கிறது. பழைய எனாமலில் ஈயம் உண்டு. நெருப்பு ஈயத்தை அழிக்காது. அதனைப் புகையாக்கிச் சாம்பலாக்கித் தெருப் புழுதியிற் சேர்க்கும். பகலில் அத்தெருவிலேயே குழந்தைகள் விளையாடுவர்.

ஈயத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் தகும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு ஈயக் கூட்டுப்பொருள்களைப் போல் மலிவாகவும் பளிச்சென்றும் அமைவன முற்காலத்தில் வேறில்லை. மேலும் எனாமலை விரைவில் உலர்த்தவும் ஈய உப்புக்களைச் சேர்த்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் குழந்தைகள் பலர் இனந்தெரியாத நோயால் வாடினர். பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் வர்ணமே காரணம் என்று 1904-இல் எழுதினார். வெயிலில் பொடிந்த வர்ணம் பிள்ளைகளின் கையில் ஒட்டி, நகம் கடிக்கும்போதும் விரல் சூப்பும்போதும் உள்ளே சென்றது. அம்மாநிலம் 1922-இல் சட்டம் இயற்றிற்று. அமெரிக்கா 1978-இல் வீட்டு வர்ணத்தில் ஈயத்துக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் டில்லியிலுள்ள டாக்ஸிக்ஸ் லிங்க் என்னும் அமைப்பு, கடையில் விற்ற வர்ணங்களை வாங்கி ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கை, எனாமல்களிற் பலவற்றில் ஈயம் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. பின்னர் 2016 நவம்பரில் மத்திய அரசு விதி வகுத்தது. அதன்படி வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது. 2017 நவம்பர் முதல் இது நடைமுறைக்கு வந்தது. கிப்சன் எழுதியதற்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய எனாமல் ஒன்றில் நூற்றுக்கு ஒரு பங்கு ஈயம் உளதென்று கொள்வோம். அதினின்றும் உரிந்த ஒரு கிராம் சருகில் 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம் ஈயம் இருக்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அதன் மூலத்தைக் கண்டு விலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் சுமார் 11 டெசிலிட்டர் இரத்தம் ஓடுகிறது. ஆகவே எல்லை 55 மைக்ரோகிராம். விழுங்கிய சருகின் ஈயத்தில் நூற்றிலொரு பங்கே இரத்தத்தில் சேர்ந்தாலும் 100 மைக்ரோகிராம் ஆகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். குறைந்தது மீள்வதில்லை. கேடு விளைக்காத ஈய அளவு என்று ஒன்று இன்றுவரை கண்டறியப்படவில்லை.

எனவே, 2017-க்கு முன் வாங்கிய எனாமல் பரண்மேல் இருந்தால் அதை ஈயம் உள்ளதென்றே கருதுதல் நலம். பழைய கதவைச் சுரண்டும்போது உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த தேய்ப்பில் எழும் தூசியே பெரும்பகை. கீழே பழைய துணியோ தாளோ விரித்து, உதிர்ந்தவற்றைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கி வாசலில் தள்ளுவது, தூசியைத் தெருவுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். அப்போது குழந்தைகளும் கருவுற்ற பெண்டிரும் அவ்வீட்டில் இல்லாதிருத்தல் நன்று. நாள்தோறும் அத்தூசியில் நிற்பவர் வர்ணம் அடிக்கும் தொழிலாளி. அவருக்கு ஒரு முகமூடி வாங்கித் தருவது வீட்டுக்காரர் கடமை. கூலியிற் பிடிக்கத் தக்கதன்று.

மாட்டுப் பொங்கலையும் மறத்தலாகாது. கொம்பு சீவி வர்ணம் தீட்டுவது நம் பக்கத்து வழக்கம். கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமலே கொம்புக்கும் போகிறது. மாடு தன்னையும் அடுத்த மாட்டையும் நக்கும் இயல்புடையது. எறிந்த வர்ண டப்பாவை நக்கி ஈய நஞ்சேறி மாண்ட மாடுகளைக் கால்நடை மருத்துவ நூல்கள் பல நாட்டிலும் குறித்துள்ளன. மஞ்சளும் காவியும் கொம்புக்கு அழகில்லையா? இது என் தனிக் கருத்து.

வாளியின் கதை வேறு. இருபது லிட்டர் வர்ண வாளி இல்லாத வீடு நம் ஊரில் அரிது. கழுவி, தண்ணீர் பிடிக்கவும் அரிசி கொட்டவும் வைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துக்கும் துணி ஊறவைக்கவும் அது தகும். குடிநீருக்கும் உணவுக்கும் தகாது. எவ்வளவு கழுவினாலும் முன்பு அதில் இருந்ததன் எச்சம் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்லிற்று? 2016-இல் வெளிவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவு என்று ஒரு வகையைப் பிரித்தன. அதன் பட்டியலில் முதற்கண் நின்றது எறியப்பட்ட வர்ண டப்பாவே. பூச்சிமருந்துக் குப்பியும் குழல்விளக்கும் காலங்கடந்த மருந்தும் அதற்குப் பின்பே வந்தன. இருபது சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, அல்லது அதன் ஒரு பகுதிக்கு, ஒரு நிலையம் வீதம் உள்ளாட்சி மன்றங்கள் நிறுவி இவற்றைப் பெற வேண்டும் என்றும் விதித்தன. அக்கணக்கில் எத்துணைச் சிறிய நகரத்துக்கும் ஒன்றேனும் வேண்டும். ஆந்திர அரசு 2021 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மைத் திட்டத்தில் வீடுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று கூடைகள் வழங்கப்பட்டன. சிவப்பு, அபாயமானவற்றுக்கு உரியது. அக்கூடை பல வீடுகளில் வெங்காயக் கூடையாயிற்று என்பது கண்கூடு. பழைய விதிகளுக்கு மாற்றாக 2026 ஜனவரியில் அறிவித்த புதிய விதிகள், ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என, குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, உடற்சுகாதாரக் குப்பை, தனிக் கவனத்துக்குரிய குப்பை. வர்ண டப்பா இந்நான்காவதில் அடங்கும்.

பிரித்ததன் பயன் யாது? திருப்பதி நகரின் குப்பை, ரேணிகுண்டா சாலையில் தூகிவாக்கத்திலுள்ள நிலையத்துக்குப் போகிறது. ஈரக் குப்பை அங்கு எருவாகிறது. ஒரு டப்பா எனாமல் உடைந்து காய்கறிக் கழிவில் ஊறினால் அந்த எரு பின்பு எவருடைய வயலுக்கோ ஈயத்தையும் கொண்டு செல்லும். தனியே பிரித்த அபாயக் கழிவு செல்லவேண்டிய இடம் வேறு. விசாகப்பட்டினத்தை அடுத்த பரவாடாவிலும், தமிழகத்தில் கும்மிடிப்பூண்டியிலும் அதற்கெனப் பாதுகாப்பான புதைகுழி நிலையங்கள் உள்ளன. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சிமெண்டுச் சூளைகளிலும் தொழிற்சாலை வர்ணச் சேற்றை எரிபொருளோடு கலந்து எரிக்கும் முறை உண்டு. போகித் தீயையும் சிமெண்டுச் சூளையையும் ஒன்றென எண்ணலாகாது. சூளையின் வெப்பமும் புகையை வடிக்கும் கருவியும் தெரு நெருப்புக்கு இல்லை.

இனி வீட்டில் நாம் செய்யத்தக்கது. முதலாவது, மிஞ்சாமல் வாங்குதல். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவொன்றும் சன்னல் இரண்டும் போக ஏறக்குறைய 387. சமமான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 110 சதுர அடி பரவும். இரு பூச்சுக்கு வேண்டுவது 7 லிட்டர். நான்கு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் டப்பா மூன்றும் போதும். கடைக்காரர் சொற்கேட்டுப் பத்து லிட்டர் வாளி வாங்கினால் மூன்று லிட்டர் பரணுக்கு ஏறும். விலையிற் சற்றே மலிவு என்பது உண்மை. ஆனால் மூன்று லிட்டர் பயன்படாமற் போனபின் அது மலிவாகுமா என்று கூட்டிப் பாருங்கள்.

அப்படியும் மிஞ்சியதை மூடியின் கீழ் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக மூடி, எந்த அறைக்கு வாங்கியது, எந்த ஆண்டு என்று எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நல்ல எமல்ஷன் சில ஆண்டுகள் தாங்கும். திறக்கும்போது புளித்த நாற்றம் வீசினால் அதன் ஆயுள் முடிந்தது. நன்றாக இருப்பதைத் தேவைப்படுவோருக்குத் தருதலே சிறந்த வழி. வெளிர் நிற எமல்ஷன்களை ஒன்றாகக் கலந்து, மதிற்சுவருக்கோ விடுதித் தாழ்வாரத்துக்கோ அடிக்கலாம். நிறம் இன்னதென்று பெயர் சொல்ல வராது; சுவர் குறைகூறாது. எண்ணெய் வர்ணத்தை மட்டும் அதிற் கலத்தல் கூடாது.

எவர்க்கும் பயன்படாத நீர்வர்ணத்தை உலர்த்திக் கட்டியாக்க வேண்டும். மணல், மரத்தூள், உமி இவற்றில் எது கிடைக்கிறதோ அதை வர்ணத்தில் கொட்டிக் கிளறி, களிமண் பதமானதும் மொட்டைமாடியில் விரித்து வையுங்கள். சித்தூர் வெயிலுக்கு ஒரு லிட்டர் வர்ணம் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும். மழை பெய்யும் நாளில் இதைத் தொடங்க வேண்டா. கல்லானதைத் தாளிற் சுற்றி, நான்காம் கூடையில் இடுக. தூரிகை கழுவிய நீருக்கு நம் வீட்டுப் படிகாரமே மருந்து. கலங்கிய ஆற்றுநீரைத் தெளிவிக்க நம் பாட்டிமார் படிகாரக் கட்டியைச் சுழற்றுவார்கள் அல்லவா? அதே வேலையை அது இங்கும் செய்யும். வர்ணத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் உடையவை. படிகாரத்திலுள்ள அலுமினிய அயனி அதைக் குலைக்க, துகள்கள் திரண்டு அடியில் படியும். இரவு முழுதும் வைத்திருந்து தெளிந்த நீரை மேலாக இறுத்துவிட்டு, அடிச்சேற்றை மேற்சொன்னவாறு உலர்த்துக. முதல் வாளியில் பெரும்பகுதி வர்ணம் போய்விடுமாகையால், கழுவுமுன் தூரிகையைப் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிடுதல் நீரையும் மிச்சப்படுத்தும்.

டர்பன்டைனில் கழுவினால் அதைக் கொட்ட வேண்டியதே இல்லை. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இரண்டு நாள் அசையாமல் வைத்தால் நிறப்பொடி அடியில் தங்கும். மேலே நிற்பதை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். பழம் வேலையாட்கள் இதை எந்தப் புத்தகமும் படியாமல் அறிந்திருக்கிறார்கள். எனாமலை வீட்டுக்குள் உலர்த்துதல் தகாது. அதில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை ஆவியாகி நம் மூச்சில் கலப்பதே காரணம். அடியில் ஒரு விரற்கடை நின்றால், அடுப்பும் பிள்ளைகளும் அணுகாத திறந்தவெளியில் மூடியைத் திறந்து காயவிட்டு, முற்றும் உலர்ந்த தகரத்தைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் இருந்தால் மூடியபடியே வைத்திருந்து, நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்திலோ வண்டியிலோ, வேறு குப்பையோடு சேராமல், சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமற் கொடுத்தால், கையுறையின்றி அதனை உடைத்துப் பார்ப்பவர் துப்புரவுப் பணியாளரே.

இவ்வளவையும் வீட்டுக்காரர் தலையிலேயே சுமத்துவது நியாயமா என்று ஒரு வினா எழலாம். அது நியாயமான வினாவே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2009-இல் ஒரு சட்டம் செய்து, 2010 ஜூலை முதல் மிஞ்சிய வர்ணத்தைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தது. விலையோடு ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள். மிஞ்சியதைக் கடையிலேயே கொடுத்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் 2016 மே மாதம் தொடங்கிய பெயிண்ட்பேக் திட்டத்தில் அக்கட்டணம் லிட்டருக்கு 15 சென்ட் என வைத்தார்கள். நம் நாட்டில் 2022 முதல் பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. வர்ண வாளியும் அதில் அடங்கும். வாளிக்குள் இருக்கும் வர்ணத்துக்கு அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை. தேங்காய் ஓட்டுக்குச் சட்டம் இருக்கிறது, பருப்புக்கு இல்லை என்பது போலத் தோன்றவில்லையா?

அது வரும்வரை காத்திராமல், மார்கழி இறுதி வாரத்தில் நம் சங்கத்தார் ஒன்று செய்து பார்க்கலாம். விடுதியின் பின்புறக் கொட்டகையில் இரண்டு நாள், காலை முதல் மாலை வரை, மிஞ்சிய வர்ணத்தைக் கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டுபவர் எடுத்துச் செல்லவும் ஓர் இடம் அமைக்க வேண்டும். கிண்ணமும் நீரும் வைத்து, எண்ணெய் வர்ணமா நீர்வர்ணமா என்று சோதிக்க இரசாயன மாணவர் இருவர் போதும். 2017-க்கு முந்திய எனாமலை எவர்க்கும் கொடாமல் ஒதுக்கி, மாநகராட்சிக்கு முன்கூட்டியே எழுதி வண்டி வரவழைக்க வேண்டும். மணல் இரண்டு மூட்டை, படிகாரம் ஒரு கிலோ, தார்ப்பாய் ஒன்று. இவற்றின் செலவைச் சங்கம் தாங்கும்.